மகளின் கிருமிகளும் என் காப்பும்

நான் விஞ்ஞான ஆசிரியை. வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பற்றீரியா பற்றிப் பாடம் எடுத்து வருகிறேன். கண்ணுக்குத் தெரியாது, எங்கும் இருக்கும், எல்லாமே நோய் தருபவை அல்ல என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை மூன்று முறை வாசிக்கச் சொல்வேன். நான் செய்த காரியத்தைப் பள்ளிக்கூடம் பார்க்காத ஒருத்தி செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

மகள் கண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மேற்படிப்பு செய்துகொண்டிருந்தாள். லைசின் என்ற அமினோ அமிலத்தை அதிகமாகச் செய்து தரும் ஒரு பற்றீரியாவை உருவாக்குவதுதான் அவளுடைய ஆய்வு. ஒரு விடுமுறையில் சமையலறையில் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது அதை எனக்கு விளக்கினாள்.

"கோழித் தீவனத்துல லைசின் போடலேன்னா கோழி எடை வைக்காதும்மா. இப்ப எல்லாம் வெளிநாட்டுலருந்து மூட்டை மூட்டையா வருது. சீனி ஆலையில மிஞ்சுற பாகக் குடுத்து இந்தக் கிருமிய வளர்த்தா நாமளே எடுக்கலாம்."

"அப்ப வளர்க்க வேண்டியதுதானே. இதுல மூணு வருசம் என்ன ஆராய்ச்சி?"

"சாதாரணக் கிருமி தனக்கு வேண்டியத மட்டும் செஞ்சிக்கிட்டு நிறுத்திடும். போதும்னு அதுக்குத் தெரியும். அந்தப் போதும்ங்கிறத நான் அதுக்கிட்ட இருந்து எடுத்துடணும்."

லைசினைப் போலவே தோற்றமுள்ள ஒரு நஞ்சைப் போடுவார்களாம். அதை லைசின் என்று நம்பி, இனிச் செய்ய வேண்டியதில்லை என்று நிறுத்திவிடுகிற கிருமிகள் எல்லாம் செத்துப்போகும். ஏமாறாமல் தொடர்ந்து செய்கிறவை மட்டும் தப்பும். தப்பியவற்றில் நல்லதைத் தேர்ந்து, அவற்றின் மரபணுவில் நேரடியாகக் கைவைத்து, உள்ளே செய்த லைசினை வெளியே தள்ளுகிற வாசலை இவள் பெரிதாக்கியிருந்தாள். ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அது மெதுவாகத்தான் வளருமாம். சாப்பிடுகிறதை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும்?

"நம்ம பொம்பளைங்க மாதிரி," என்றேன். "எவ்வளவு கொழுந்து நிறுத்தாலும் கங்காணி இன்னும் ரெண்டு கிலோங்கிறான்."

"அம்மா, எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து தோட்டத்துல கட்டாதீங்க. இது கிருமி. இதுக்குச் சங்கமும் இல்ல, சந்தாவும் இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அடுத்த முறை வந்தபோது குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஐஸுக்கு நடுவில் ஒரு சின்ன நீலப் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இருபத்துநான்கு குப்பிகள். நம்முடைய ப்ரிஜ்ஜின் மேல் தட்டில், ஃப்ரீசருக்குள் அதை வைத்தாள்.

"எப்பவும் ரெண்டு எடத்துல இருக்கணும்மா. ஒரே கட்டடத்துல ரெண்டு அறை ரெண்டு எடம் ஆகாது. இந்தக் குளிர் போதாதுதான், இருந்தாலும் கொஞ்ச மாசம் தாங்கும். ஒண்ணே ஒண்ணுதான், உருகி உருகி உறையக் கூடாது."

"ஆராய்ச்சிய நடத்துற ஒங்க மேடத்துக்குத் தெரியுமா?"

"வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குப்பிக்குள் கிருமிக்குச் சாப்பாடு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு ஆசிரியையின் ஆர்வம், அவ்வளவுதான். அவள் குறும்பாகச் சிரித்தாள்.

"மாட்டு மூளையும் மாட்டு இதயமும் அவிச்ச சாறு. அதுலதான் நல்லா வளரும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ப்ரிஜ்ஜையே வித்துடுவாரு."

நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒருத்தி மட்டும் அதைத் தெரிந்துவைத்திருந்தேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் கலாநிதிப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவர்களும் இதே வேலை செய்பவர்கள். இவளுடைய கிருமியை அனுப்பச் சொல்லி, சோதித்துப் பார்த்த பிறகு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார்கள். என் மாமியார் காலம் வரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். மகளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. பாடம் எடுக்கும்போது நடுவில் நிறுத்திக் கைப்பேசியைப் பார்ப்பேன். கடைசியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். சித்திரைத் திருவிழாவில் காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிறேன், பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடு என்று.

எங்கள் தோட்டத்தில் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் எந்த வீட்டிலும் கவிச்சி இருக்காது. காப்புக் கட்டுகிறவர் வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். முன்பு சட்டியும் அடுப்பும் மட்டும்தான். இப்போது ப்ரிஜ்ஜும் சேர்ந்துவிட்டது. காப்புக்கு முந்தின நாள் என் நாத்தனார் உதவிக்கு வந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவள், கொழுந்து எடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம். ஃப்ரீசரில் இருந்த கருவாட்டையும் கோழிக்காலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க விரதம் இருக்கிற புண்ணியத்துல எங்க வீட்டுல இன்னைக்கு ராத்திரி விருந்து. அது என்னா நீல டப்பா?"

"பாப்பாவோட மருந்து. கண்டியில குடுத்தது."

"மருந்துன்னா இருக்கட்டும். மருந்துக்கு ஏது கவிச்சி."

அவளே விட்டுவிட்டாள். துடைத்துவிட்டுப் போயும்விட்டாள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதை நான் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். என் கணவருக்குத் தெரியாது. கோவில் கமிட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அம்மனுக்குத் தெரியும் என்று நினைத்தேன். மாட்டு மூளையை வீட்டில் வைத்துக்கொண்டு கையில் காப்போடு பால்குடம் எடுத்தால், கேட்ட வரம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறவளுக்கு வந்தது.

தூக்கி எறிய நான் முட்டாள் இல்லை. குளிரில்தான் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பின்னேரமே ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் அதை வைத்து, கீழே கடைவீதியில் இருக்கும் நானாவின் கடைக்குக் கொண்டுபோனேன். முஸ்லிம் என்பதால் ஊரே நானா என்று மரியாதையாகக் கூப்பிடும் அவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், என் மூத்த மாணவர்களுக்கு எல்லாம் தகப்பன் வயது. வாசலை ஒட்டி ஒரு பெரிய ஐஸ்கிறீம் பெட்டி வைத்திருந்தார்.

"நானா, பத்து நாளைக்கு இத உள்ள வச்சிக்க முடியுமா? மகளோட மருந்து. எங்க ப்ரிஜ்ஜு சரியில்ல."

"பத்து நாள் என்ன டீச்சர், பத்து மாசம் வைங்க. ஆனா சின்னவன் வந்தா ஐஸ்பழம்னு நெனச்சி நக்கிப் பார்ப்பான், அடியில வைக்கிறேன்."

"ஐயோ நானா, யாரும் தொறக்கக் கூடாது."

"சும்மா சொன்னேன் டீச்சர். பாருங்க, டேப் ஒட்டுறேன். இப்ப அமைச்சர் வந்தாலும் தொறக்க ஏலாது."

அவரிடமும் பொய் சொன்னேன். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்திருந்தால், ஹலாலா என்று அவரும் யோசித்திருப்பார். அதையும் நான் அப்போது நினைக்கவில்லை. என் விரதத்துக்கு ஆகாதது அவருடைய கடையில் இருக்கலாம் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளும் நன்றாகத்தான் போயின. பால்குடம் எடுத்தேன். வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தபோதும் சுடவில்லை. நல்ல சகுனம் என்று நாத்தனார் சொன்னாள், நானும் நம்பினேன். காப்பு அவிழ்த்த மறுநாள் பாடசாலை விட்டதும் நேராக நானாவிடம் போய்ப் பெட்டியை வாங்கினேன். நானா போட்ட டேப் அப்படியே இருந்தது. குப்பிகள் கல் போல் உறைந்திருந்தன. வீட்டில் அதே இடத்தில், மகள் எழுதிய பக்கம் முன்னால் தெரியும்படி வைத்துவிட்டேன்.

வைகாசி முடிவில் பெரிய மழை. ரோட்டில் மண் சரிந்து, கண்டிப் பக்கம் பல இடங்களில் மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தோட்டத்தில் மட்டும் கரண்ட் போகவில்லை. மகளுடைய ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. மேடத்தின் பழைய சேகரிப்பு, மற்ற மாணவர்களின் வேலை, இவளுடைய மூன்று வருடம், எல்லாம் தண்ணீராகிவிட்டது. செய்தியைச் சொல்ல அவள் கைப்பேசியில் அழைத்தபோது நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"அழாதீங்கம்மா. எல்லாருக்கும் போச்சு, எனக்குப் போகல. நம்ம வீட்டுல இருக்கு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அது உறைந்துதானே இருந்தது, நம் வீட்டு ஃப்ரீசர் என்ன, கடை ஃப்ரீசர் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோடு திறந்ததும் வந்து, பெட்டியை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிட்டாள்.

கிருமி வளர்ந்தது. முன்பைவிட வேகமாக வளர்ந்தது என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு அந்தக் குரல் மாறத் தொடங்கியது. வளர்கிறது, ஆனால் லைசின் கொடுக்கவில்லை. ஒரு குப்பி சரியில்லை என்று இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான். மருந்து பிழையா, பாகு பிழையா, அளக்கும் கருவி பிழையா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த தவணை முடிந்துபோகும் என்பதால், இருந்ததில் நல்லதாகத் தெரிந்ததை அனுப்பிவைத்தாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சாதாரணக் கிருமி கொடுப்பதைவிட இது அதிகமாக எதையும் கொடுக்கவில்லை, நீங்கள் அனுப்பிய பெறுபேறுகளை எப்படிப் பெற்றீர்கள் என்று விளக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

மேடம் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. மூன்று வருட நோட்டுப் புத்தகங்களை மேசையில் வைக்கச் சொல்லி, சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இந்த எண்களை நீ அளந்தாயா, எழுதினாயா?

"நான் பொய் எழுதினேன்னு நெனக்கிறாங்கம்மா," என்று மகள் கைப்பேசியில் சொன்னாள். பிறகு, "எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. மொதல்ல அளந்தப்ப எங்கயோ தப்புப் பண்ணிட்டேனோ? என் கைதான் சரியில்லையோ?" என்றாள்.

அவளுடைய கையை அவளே சந்தேகிக்கிறாள். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. கடையில் இருந்த பத்து நாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன், அல்லது நம்ப ஆசைப்பட்டேன். எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஐப்பசியில் பாடசாலைப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்க, காலை ஏழு மணிக்கு நானாவின் கடைக்குப் போனேன். அப்போதுதான் கடையின் கதவுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து கப்புகளை எடுத்தால் எல்லாம் கொழகொழவென்று இருந்தன. சிலவற்றின் மூடிகள் வீங்கி, மறுபடி உறைந்து கோணலாகியிருந்தன.

"என்ன நானா, ஐஸ்கிறீம் விக்கிறீங்களா, பாயாசம் விக்கிறீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க டீச்சர், இப்பதான் சுவிச்சப் போட்டேன். பத்து மணிக்கு வந்தீங்கன்னா கல்லு மாதிரி இருக்கும்."

"ஏன், கரண்ட் போயிருந்திச்சா?"

"இல்லையே. கடை பூட்டும்போது மெயின நான் அணைச்சிட்டுத்தான் போவேன். இது அப்பா காலத்துப் பலகைக் கடை, வயரும் அந்தக் காலத்து வயர். பக்கத்துக் கடை எரிஞ்ச நாள்லருந்து எனக்குப் பயம். இந்தக் குளிருக்குப் பெட்டிய மூடி வச்சா விடியிற வரைக்கும் ஒரு மாதிரித் தாங்கிரும்."

"தினமும் அணைப்பீங்களா?"

"தினமும்தான். ஏன் டீச்சர், மொகம் ஒரு மாதிரி இருக்கு? ஒக்காருங்க, பிளேன் டீ ஒண்ணு போடச் சொல்றேன்."

பத்து இரவுகள் உருகி, பத்துப் பகல்கள் உறைந்திருக்கின்றன. நான் எப்போதும் பின்னேரத்தில்தான் போயிருக்கிறேன். பின்னேரத்தில் எல்லாம் கல் போலத்தான் இருக்கும். நானாவின் மேல் ஒரு சொல் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை. அவர் தன் கடை எரியாமல் பார்த்துக்கொண்டார். நான் மருந்து என்று சொன்னேன், அவர் இடம் கொடுத்தார்.

அதன் பிறகும் இரண்டு வாரம் கடத்தினேன். ஒரு சனிக்கிழமை கணவரிடம் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கினிகத்தேனை வழியாகக் கண்டி பஸ்ஸில் ஏறினேன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்த சிற்றுண்டிச்சாலையில் மகள் எதிரே உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. முதலில் நோயாளியிடம் டாக்டர் கேட்பது போலக் கேட்டாள்.

"எத்தன நாள்?"

"பத்து."

"மூடியத் தொறந்தீங்களா?"

"இல்ல."

"இருபத்துநாலும் போச்சா, ஒண்ணு ரெண்டு நம்ம வீட்டுல இருந்திச்சா?"

"எல்லாம்தான்."

விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டாள். "அப்ப சரி. பெரும்பாலும் செத்திருக்கும். மிஞ்சினதுல, குடுக்கிறத விட்டுட்டுப் பழையபடி மாறினது ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். அதுக்குப் பாரம் இல்ல, அதனால அதுதான் மொதல்ல எழும்பி எல்லாத்தையும் மூடியிருக்கும். நான் அத எடுத்து வளர்த்து வளர்த்து..." நிறுத்தினாள். "என் கை சரியாத்தான் இருந்திருக்கு."

அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. ஐந்து மாதம் நான் அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது அதைத்தான்.

"மாட்டு மூளைக்காகவாம்மா?"

"காப்புக் கட்டியிருந்தேன்."

"எதுக்கு நேர்ந்தீங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போல ஒன்று வந்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுகையாக மாறியது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இதையே எழுதிக் குடுங்க, மேடத்துக்கிட்டக் குடுக்கிறேன்," என்றாள். அவளுடைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தாள். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தேன். என் பெயருக்குக் கீழே விஞ்ஞான ஆசிரியை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன். வெட்டவில்லை.

அந்தக் கடிதம் அவளைக் காப்பாற்றும் என்று இரண்டு பேருமே நம்பினோம். பொய் எழுதினாள் என்ற பேச்சு அதோடு நின்றது உண்மைதான். மேடம் படித்துவிட்டு, எண்களைப் பற்றி இனிக் கேள்வி இல்லை என்றாராம். அடுத்த கேள்வி வேறு. மரபணு மாற்றிய கிருமியை யார் அனுமதியோடு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுபோனாய்? பஸ்ஸில் கொண்டுபோனாயா? சமையல் சாமான் இருக்கும் ப்ரிஜ்ஜில் வைத்தாயா? பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கும் பெட்டியில் இருந்ததா? அதற்கு ஒரு குழு, விசாரணை, அறிக்கை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் என் கையெழுத்தில், அவர்களுக்கு நன்றாக விளங்கும் ஆங்கிலத்தில், திகதி போட்டு இருந்தது.

அந்தக் கிருமி யாருக்கும் நோய் தராது. அது எனக்கும் தெரியும், அந்தக் குழுவுக்கும் தெரியும். விதி விதிதான் என்றார்கள். பழைய முடிவுகளை வைத்து ஒரு சிறிய பட்டத்தோடு அவளை அனுப்பிவிட்டார்கள். கிருமியை முதலிலிருந்து மறுபடி உருவாக்க அனுமதி கேட்டாள். அதற்கு அவளுக்கு மேசை இல்லை என்றார்கள். வெளிநாட்டு இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

இப்போது கொழும்புப் பக்கம் ஒரு கோழித் தீவனத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் லைசின் மூட்டைகளில் மாதிரி எடுத்து, பையில் எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "இருக்கும்மா, எப்பவும் சரியா இருக்கு. நல்ல கிருமி வச்சிருக்காங்க," என்று ஒரு நாள் சொன்னாள். கசப்பாகச் சொன்னாளா என்று கவனித்தேன். இல்லை, தொழில் தெரிந்தவள் இன்னொரு தொழிலாளியைப் பாராட்டுவது போலத்தான் சொன்னாள்.

என் கணவர் எல்லாம் தெரிந்த பிறகு ஒரே ஒரு முறை, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். நாத்தனார், கொள்ளிக்கண் பட்டுவிட்டது என்கிறாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அம்மனோடு வழக்கு எதுவும் இல்லை. அவள் என்னிடம் ப்ரிஜ்ஜைத் துடைக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. பாடசாலையில் நுண்ணங்கிகள் பாடம் வந்தால் இப்போது பிள்ளைகளையே எழுந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் மகள் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள். நன்றாகத்தான் பேசினாள். இரண்டாம் நாள் காலையில் அலுமாரியைத் திறந்து, தன் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள், பட்டம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் இருந்த கோப்பை எடுத்தாள். முதலாம் வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாக நான் சேர்த்து, பூச்சி அரிக்காமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தது.

"அது எதுக்குப் பாப்பா? அங்க போர்டிங்ல தொலஞ்சிடும். இங்க பத்திரமா இருக்கட்டும்."

அவள் கோப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இல்லம்மா, எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.